எலும்பு படிக்கப் போன கடைக்காரர் மகள்

எலும்பு பார்க்கிற படிப்பில் செத்தவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. பதில் சொல்ல வேண்டியதெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். வீட்டில் யாருக்கும் விளங்காத பாடத்தை எடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் "என்ன படிக்கிற?" என்று கேட்பவர்களைக் கண்டதும் பந்தியிலிருந்து நழுவியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். நான் கம்பஸில் படிப்பது உயிரியல் மானிடவியல். மண்ணிலிருந்து எடுத்த எலும்பைப் பார்த்து அது மனிதருடையதா மிருகத்துடையதா, என்ன வயது, எப்படி உழைத்துத் தேய்ந்தது என்று சொல்லப் பழகுகிற பாடம்.

அப்பாவின் விளக்கம்

மலைநாட்டு அட்டன் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. "மக என்ன படிக்குது மொதலாளி?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. முதல் வருஷம் "தொல்பொருள்" என்று சொல்லிப் பார்த்தார். மகள் புதையல் தோண்டுகிறாள் என்று பேச்சுக் கிளம்பியதும் பயந்துபோய், "எலும்புப் படிப்பு" என்று மாற்றிக்கொண்டார்.

அன்று பின்னேரமே, கோதுமை மா வாங்க வந்த மாரியாயி அக்கா என் முன்னால் முழங்காலைத் தடவிக் காட்டினார். மலை ஏறித் தேயிலைக் கொழுந்து பறிக்கிற முழங்கால். "ஏத்தத்துல உள்ள கடகடங்குது பாப்பா, என்னன்னு பாரேன்." அப்பாதான் குறுக்கே வந்தார்: "அது டாக்டர் இல்ல மாரியாயி. ஆள் செத்து எலும்பானப்புறம்தான் நம்ம புள்ள பார்க்கும்." மாரியாயி அக்கா சேலையைச் சட்டென்று இறக்கிவிட்டு மாப்பையைத் தூக்கிக்கொண்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் அவசரமில்லங்க மொதலாளி."

பின்பக்கத்து அடுப்பு

மிருக எலும்புகளைச் சொந்தமாகச் சேர்த்து, சுத்தம் செய்து, பெயர் எழுதி வைத்துப் பழகுங்கள் என்றார் எங்கள் விரிவுரையாளர். அவருக்கென்ன, எங்கள் வீடு சைவம் என்று அவருக்குத் தெரியாது. இறைச்சிக் கடை முஸ்லிம் அண்ணனை நானா என்போம், அவரிடம் போய் ஆட்டுக்கால் கேட்டேன். "சூப்புக்கா தங்கச்சி?" என்றார். "படிக்கிறதுக்கு நானா." அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பின்னால் மூன்று கல்லை வைத்து, பழைய தகரத்தில் கால்களைச் சதை கழலும்வரை அவித்தேன். அட்டன் மழை தெரியுமே, விட்டுவிட்டுப் பெய்தது. குடையை எனக்குப் பிடிக்காமல் அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசனை பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அந்த அக்கா, "என்னங்க, உங்க வீட்டுல கறியா? ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"விசேஷமெல்லாம் இல்லங்க, மகளோட பாடம் வேகுது."

பெண் பார்க்க வந்தார்கள்

நுவரெலியாவிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கும் கடைதான். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "செத்தவங்க எலும்பத் தொட்ட கையாலதான் சோறு போடுவியா?" நான், "கழுவிட்டுத்தாங்க போடுவேன்" என்றேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மேற்படிப்புக்கு அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. அப்பா திட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"டிகிரியோட நிப்பாட்டிருவோமா பாப்பா?"

அத்திவாரக் குழி

அந்தக் கேள்வி முடிவாகாமல் கிடந்த நாட்களில்தான், எங்கள் கடையில் சாமான் வாங்குகிற தோட்டத் தொழிலாளி சிவலிங்கம் அண்ணன் வந்தார். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கூரை ஒழுகுகிறது. லயத்துக்குக் கீழே கிடைத்த துண்டுக் காணியில் வீடு கட்ட அத்திவாரம் வெட்டியிருக்கிறார். நீள நீளமாக எலும்புகள் வந்துவிட்டன. பழைய புதைகுழி என்று ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். பொலிசுக்கும் தகவல் போய்விட்டது. வழக்கு, விசாரணை என்று இழுத்தால் மழைக்கு முன் வீடு எழும்பாது. அப்பா கடைக் கதவை இழுத்து மூடினார். நல்ல வியாபார நேரம் அது. "வா" என்றார் என்னிடம்.

குழியைச் சுற்றி ஊரே நின்றது. சிங்கள சார்ஜன்ட் ஒருவர் குடையோடு காத்திருந்தார். கல் நடாமல் எத்தனை பேரைத் தேயிலைக்கு நடுவே புதைத்திருக்கிறார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்களில் ஒருவராக இருந்தால்? சார்ஜன்ட்டிடம் கேட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். ஓர் எலும்பை வாளித் தண்ணீரில் கழுவினேன். அடிமுனை இரண்டு உருளையாகப் பிளந்திருந்தது. முன்பக்கம் நடுவில் ஒரு கோடு ஓடியது. மனித உடம்பில் அப்படி ஓர் எலும்பே கிடையாது. மற்றவற்றையும் கழுவிப் பார்த்துவிட்டு, "ஹரக், சேர்" என்றேன். மாடு. ஆஸ்பத்திரி டொக்டரும் பார்க்க வேண்டும் என்றார் சார்ஜன்ட். மறுநாள் டொக்டரும் அதையே சொன்னார், வேலை தொடங்கியது.

ஆனால் அந்தக் குழியோரத்திலேயே சிவலிங்கம் அண்ணனின் மனைவி அழுகையும் சிரிப்புமாக அவரைப் பிடித்துக்கொண்டார்: "அப்ப காலையில சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டது மாட்டுகிட்டயா?" அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"மாடும் நமக்குச் சாமிதானே புள்ள, கும்பிட்டது வீணாப்போகல."

தரகர்

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா அந்த எலும்பைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். கோடு எதற்கு, ஆட்டுக்கும் அப்படி இருக்குமா, மரைக்கு? நான்கு வருஷத்தில் அவர் கேட்காத கேள்விகள். அடுத்த வாரம் தரகர் வேறொரு சாதகத்தோடு கடைக்கு வந்தார். இந்த இடமும் நல்ல இடம், ஆனால் பிள்ளை படிப்பைக் கொஞ்சம் மறைத்துப் பேசுவோமா என்றார். அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"மறைக்க வேணாங்க, புள்ள மேல படிக்கப் போகுது. எலும்புக்குப் பயப்படாத வீடாப் பாருங்க, இல்லாட்டி மெதுவாப் பார்ப்போம்."

ஆக, இத்தனை வருஷப் படிப்பில் நான் சந்தேகமில்லாமல் கண்டுபிடித்தது ஒரு மாட்டையும் என் அப்பாவையும்தான்.