வரிசையில் நின்ற பக்கெட்

ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் வீட்டுக் குழாய் வறண்டுவிட்டது. காலையில் தண்ணீர் லாரி வரும் என்றார்கள். முதல் ஆளாகத் தெருவில் பக்கெட்டை வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் தெரு முழுக்க ஆட்கள், என் பக்கெட் மட்டும் என் கேட்டுக்குள் கிடக்கிறது! நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைத்தாராம். எனக்கு ரத்தம் கொதித்தது.

மயிலாப்பூரில் எங்கள் சந்தில் இது நடக்குமா? லாரி வருவதற்கு முன்பே வெயிலில் பிளாஸ்டிக் வாசம் அடிக்கக் குடங்கள் வரிசை கட்டும். அம்மா உள்ளே சோறு வடிப்பாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் எதிர்வீட்டு அக்கா எங்கள் பச்சைக் குடத்தை நகர்த்திவிட்டாள். அம்மா கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"எவடி என் கொடத்த நவுத்தினவ? கொடம் நின்னுகினு கீதுன்னா நான் நின்னுகினு கீறேன்!"

"இன்னாக்கா, லாரியையே முழுங்கிடுவ போல கீதே!"

சிரித்துக்கொண்டே அவள் குடத்தைத் திரும்ப வைத்தாள். லாரி ஹாரன் கேட்டதும் நாங்கள் குதித்த குதியில் சந்தே அதிர்ந்தது.

அம்மா சொன்னதையே இங்கே ஜோகன்னஸ்பர்க் தெருவில் நான் ஆங்கிலத்தில் கத்தினேன். வரிசை மிரண்டுபோய் எனக்கு வழிவிட்டது. பக்கெட் நிறைய நிறைய, எங்கள் ஊர் முறையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கினேன்.

மறுநாள் காலை தெருவில் ஒரு ஆள்கூட இல்லை. பக்கெட்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. முதலில் நின்றது அந்த மனுஷனுடையது!