மூன்றாம் பத்து அவருடையது

அக்டோபர் ஏழு, செவ்வாய்க்கிழமை. ஜெபமாலை மாதா திருநாள். காலையில் பால் வாங்கி, இட்லி ஊற்றி, துணி துவைத்தேன். மேகம் கட்டியிருந்ததால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். கணவர் உப்பளத்துக்குப் போய், குவித்த உப்பை ஆட்கள் ஓலையால் மூடுவதைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பினார். சாயங்காலம் பீடத்தைத் துடைத்து மாதாவுக்குச் சாமந்தி வைத்தேன்.

தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபமாலை சொல்வோம். மணிக்கு ஒரு ஜெபமாக, பத்துப் பத்து மணிகளாய் ஐந்து பத்து. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். முதல் பத்தும் கடைசிப் பத்தும் எனக்கு. இரண்டாவது மகளுக்கு, நான்காவது காலேஜ் போகும் மகனுக்கு. மூன்றாம் பத்து அவருடையது. உப்பளத்தின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல், ஜெபத்திலும் இறங்காது.

கோடையில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. புண் ஆறியது, குரல் திரும்பவில்லை. அதன்பின் ஜெப நேரத்தில் வாசலுக்குப் போய்விடுவார். மகள்தான் அவர் பத்தையும் சொல்லிவந்தாள். அவர் அப்படியே வெளியில் தங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அன்று பாயை விரித்ததும் மழை பிடித்துக்கொண்டது. அவர் உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டாம் பத்து முடியும்போது கரண்ட் போனது. காற்றில் மெழுகுவர்த்தியும் அணைந்தது.

அவர் கையில் பச்சையாக மினுங்கியது. வேளாங்கண்ணியில் வாங்கிய பிளாஸ்டிக் மணிகள் அவை. பகலில் வெளிச்சம் பட்டால் இருட்டில் ஒளிரும். மகள் மூன்றாம் பத்தைத் தொடங்கவில்லை. ஒரு மணி அவர் விரலுக்குள் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரல் விலகி, மணி மறுபடி தெரிந்தது. முன்பாதியைச் சொல்லி முடித்துவிட்டார் என்று எங்களுக்குப் புரிந்தது. "புனித மரியே" என்று மூவரும் பதில் சொன்னோம். அடுத்த மணி மறைந்தது. வெளியே உப்பளம் முழுக்க நீர் நிறைந்து, எங்கள் பாய் மட்டும் அதன்மேல் மெல்லப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

பாதியில் மகன், "ஏம்பா, இவ்ளோ ஸ்பீடா? பஸ் பிடிக்கப் போறியா?" என்றான்.

"டேய், சும்மா இருடா. குரல் இருந்தப்பவும் பாதி வார்த்தைய முழுங்கிட்டுத்தானே சொல்லுவாரு," என்றாள் மகள்.

மணிகள் குலுங்கின. அவர் சிரிக்கிறார்.

கடைசி மணி வருவதற்குள் ஒளி மங்கிவிட்டது. ஒன்றும் தெரியாமல் காத்திருந்தோம். அவர் என் கையைத் தேடிப் பிடித்து, விரலை அந்த மணியின் மேல் வைத்து அழுத்தினார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் எழுந்ததும், ஜெபமாலையை வெயிலில் வைக்கலாம் என்று முதலில் அங்கேதான் போனேன். ஆணி காலியாக இருந்தது. மழை விட்டிருந்தது. கிழக்கு ஜன்னல் கட்டையில், ஒரு மணியின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி, அவர் அதை நீட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்.