நவரட்ணத்தின் இரண்டாவது திறப்பு

சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கையில் நவரட்ணத்தைப் போல ஒரு கெட்டிக்காரன் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். எதையும் யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டார். இடம்பெயர்ந்த காலத்தில் காணி உறுதி ஒரு பையில், நகை இன்னொரு பையில் என்று பிரித்துக்கொண்டு ஓடியவர். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் பிரிப்பதை விடவில்லை. சீனிப் போத்தல் ஓரிடம், மூடி வேறிடம்; பூட்டு ஓரிடம், திறப்பு வேறிடம். மனைவி பியாட்றிஸ் தேடித் தேடியே மெலிந்து போனாள்.

அந்தக் கெட்டிக்காரர் காருக்குத் தானே பற்றறி பூட்டப் போய் வயரை மாறிக் கொடுத்தார். எஞ்சினை நடத்துகிற கொம்பியூட்டர் பெட்டி புகைந்து செத்தது.

மருதனார்மடத்தில் கராச் வைத்திருக்கிற றிஸ்வான் வேறு பெட்டி எடுத்துப் பூட்டினான். அன்று சந்தைக்குப் போன நான், திரும்பிவரக் காரில் இடம் கிடைக்குமென்று அங்கேயே நின்றேன்.

“ஐயா, இந்தப் பெட்டிக்கு உங்கடை திறப்பைத் தெரியாது. இருக்கிற திறப்பு எல்லாத்தையும் தாங்கோ, பெட்டியிலை ஒண்டாப் பதிஞ்சு எழுதிவிடுறன். எழுதாத திறப்பு கதவைத்தான் திறக்கும், எஞ்சினை எழுப்பாது.”

“ஒண்டுதான் தம்பி இருக்கு.”

“ரெண்டு வந்திருக்குமே?”

“ஒண்டுதான் எண்டு சொல்லுறனெல்லோ!”

பிறகு என் காதில், “ரெண்டையும் குடுத்தால் உவன் மூண்டாவது செய்து வச்சிருப்பான் அக்கா” என்றார். காதில் சொல்வதென்றால் அவருக்குக் கத்துவதுதான்.

றிஸ்வான் தலை நிமிரவில்லை. “எங்கடை வாப்பாவும் தொண்ணூறிலை முஸ்லிம் சனத்தை இஞ்சையிருந்து வெளியேத்தேக்கை வீட்டுத் திறப்பைக் கவனமாக் கொண்டு போனவர் ஐயா. திரும்பி வரேக்கை திறப்பு இருந்தது, கதவுதான் இல்லை.”

நவரட்ணம் கூரையைப் பார்த்தார். வெட்கம் வந்ததென்று நினைக்க வேண்டாம், ஒட்டறை பார்த்தார்.

அடுத்த மாதம் மகள் நிமலினிக்குக் கலியாணம். தேவாலயத்தில் பத்து மணிக்கு. பதினொன்றுக்கு அங்கே வேறொரு சோடி. பிந்தினால் பின்னேரம்தான் என்று போதகர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தாயோ எதில் பிழை பிடிக்கலாமென்று காத்திருப்பவள். வாடகைக்கு வான் பிடிக்கச் சொன்னோம். “என்ரை பிள்ளை என்ரை காரிலைதான் போவாள்” என்றார்.

அன்று காலை ஒன்பதுக்கு, காரில் கிடந்த காக்கை எச்சத்தைக் கழுவ, கோட்டோடு கிணற்றில் குனிந்தார். மேற்பையில் இருந்த திறப்பு தண்ணீருக்குள் போனது. பியாட்றிஸ் தலையில் கை வைத்தாள். அவர் சிரித்தார்.

“நான் என்ன விசரனோ?”

உள்ளே போய், ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து பொலித்தீனில் சுற்றிய இரண்டாவது திறப்பை எடுத்துவந்தார். கதவு திறந்தது. நிமலினி முக்காட்டை ஒதுக்கி ஏறினாள். திருகினார். சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கியது. எட்டுத் தரம் திருகினார், எட்டுத் தரமும் மினுங்கியது.

“பற்றறி போட்டுது.”

“பற்றறி போனால் லைற் எரியுமோ? றிஸ்வான் அண்டைக்குச் சொன்னது இதைத்தான்” என்றேன்.

றிஸ்வானுக்குப் போன் எடுத்தார். “நான் வவுனியாவிலை நிக்கிறன் ஐயா. ஒண்டு எண்டனீங்கள், ஒண்டைத்தான் எழுதினன்.”

மணி ஒன்பதரை. நிமலினி சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கி எதிர்வீட்டுக்கு நடந்தாள். அங்கே பிறேமின் சின்ன லொறி சந்தைக்குப் போக வெங்காயத்தோடு நின்றது. திறப்பு எப்போதும் லொறியிலேயே தொங்கும். அதற்காகவே கிழமைக்கு ஒரு தரம் நவரட்ணத்திடம் ஏச்சு வாங்குகிறவன் அவன்.

“பிறேம் அண்ணை, வெங்காயம் பிறகு போகட்டும். என்னைக் கொண்டுபோய் விடுங்கோ.”

முன்னால் மகளும் தாயும். பின்னால் வெங்காய மூட்டையில் கோட்டும் ரையுமாக நவரட்ணம். நானும் பின்னால்தான் ஏறினேன், அந்த முகத்தைப் பார்க்கிற பாக்கியத்தை விடுவேனா?

“ஏன் நவரட்ணம், கண் கலங்குது?”

“வெங்காயம் அக்கா.”

“உரிக்காத வெங்காயமோ?”

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளையின் தாய் மூக்கைச் சுளித்தாள். சுளித்துவிட்டுப் போகட்டும், தாலி ஏறிவிட்டது.

திங்கட்கிழமை றிஸ்வான் கருவியோடு வீட்டுக்கே வந்தான். அதற்கிடையில் கிணற்றை இறைத்து, விழுந்த திறப்பையும் எடுத்தாயிற்று.

“இண்டைக்கு எத்தினை திறப்பு ஐயா?”

நவரட்ணத்தின் கை தானாகவே காற்சட்டைப் பையைப் பொத்தியது. “ஒண்டு...”

பியாட்றிஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டு, பைக்குள் கிடந்த மற்றத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ரெண்டையும் எழுதுங்கோ தம்பி. இது இனி என்னட்டை இருக்கும்.”