அப்பா பெயரில் வந்த பணம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியது என் மகள். வாங்கியது நியூசிலாந்தில். அதற்கான பணம் புனேயிலிருந்து போனது. இங்கே வங்கியில் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளுக்கும் அவள் கையில் சாவி வந்த நாளுக்கும் நடுவே பதினோரு நாட்கள். என் கணவருக்கும் எனக்கும் பல வருஷங்களுக்குப் பிறகு பேச்சு நின்றுபோனது அந்த நாட்களில்தான்.

அவர் புனேக்குப் பக்கத்தில், சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இருபத்தேழு வருஷமாகக் கதவு பொருத்தும் பிரிவு. நான் பிம்ப்ரியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. கார் வாங்கலாம் என்ற பேச்சு நாலைந்து முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மகளுடைய நர்சிங் படிப்புக்கு ஏதாவது ஒரு கட்டணம் குறுக்கே வந்து நிற்கும். அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. "தினம் நூறு காரைத் தொடறேன். சொந்தமா ஒண்ணு இருந்தா இன்னும் என்ன பண்ணப் போறேன்?" என்பார்.

மகளுக்கு நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் அங்கே போய் இரண்டாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அப்போது மத்தியானம் தாண்டியிருக்கும். தலைமுடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"குளிச்சியா?" என்றேன்.

"இல்லம்மா, பாரிஷ். மழையில நடந்து வந்தேன்."

"பஸ் இல்லையா?"

"சண்டே பஸ் இல்ல. மத்த நாள் இருக்கும், ஆனா ஷிஃப்ட் டைமுக்கு வராது."

"எவ்வளவு தூரம்?"

"தோடா தூரம்தான், கொஞ்சம்தான்" என்றாள்.

அவள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், இந்தியும் மராத்தியும் நடுவில் புகுந்துவிடும். ஆனால் பொய் சொல்ல எந்த மொழியும் அவளுக்கு உதவியதில்லை. தோண்டித் துருவிக் கேட்டதில், போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம் என்று தெரிந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அங்க பழைய வண்டி என்ன விலைக்குக் கிடைக்கும், விசாரி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் ஒரு வண்டியைப் பார்க்கப் போனாள். நீல நிறத்தில் சின்னக் கார். விற்கிறவர் எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர், தனியாக இருக்கிறார். கண்பார்வை மங்கிவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். மகள் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிக் காட்டினாள். என் கணவர் எஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நாலு கதவையும் ஒண்ணொண்ணாத் திறந்து மூடு. போனைக் கிட்ட வெச்சு மூடு" என்றார்.

அவள் மூடினாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது கதவில், "இன்னொரு தடவை" என்றார். பிறகு, "இது பின்னாடி இடது கதவுதானே? இதைக் கழற்றி மாட்டியிருக்காங்க. என்ன ஆச்சுன்னு அவரைக் கேளு" என்றார்.

மகள் கேட்டாள். பெரியவர் போனைக் கையில் வாங்கி இவர் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தன் மனைவி பல வருஷத்துக்கு முன்னால் பின்பக்கமாக எடுக்கும்போது வாசல் கேட் தூணில் இடித்துவிட்டதாகவும், மனைவி இறந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசியதில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். இவருக்குப் பாதிதான் புரிந்தது. நான் தமிழில் சொன்னதும், "வேலை சுத்தமா பண்ணியிருக்காங்கன்னு சொல்லு. வண்டி நல்ல வண்டி" என்றார்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப எங்கள் கிளையில் வசதி இல்லை. கேம்ப் பகுதியில் இருக்கும் பெரிய கிளைக்குப் போகச் சொன்னார்கள். அவர் அரை நாள் விடுப்புப் போட்டார், நானும் போட்டேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். படிவத்தை வாங்கிப் பார்த்த மராத்திப் பெண் அதிகாரிக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஓர் இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு, "காகா, ஆட்நாவ் காய்?" என்று கேட்டாள். மாமா, குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம்.

புனேக்கு வந்த நாள் முதல் நாங்கள் பதில் சொல்லிச் சலித்த கேள்வி அது. இந்த ஊரில் எல்லோருக்கும் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. எங்களுக்கு ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது அவருக்குக் கடைசிப் பெயராக அவருடைய அப்பா பெயர் வந்தது. மகளுக்குக் கடைசிப் பெயராக இவருடைய பெயர் வந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் காகிதத்தில் பொதுவாக எதுவும் இல்லாதது போல் ஆகிவிட்டது.

இதையெல்லாம் நான் விளக்கினேன். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். மூன்று நாளில் போய்விடும் என்றாள்.

பணம் போய்விட்டது. ஆனால் மகள் கணக்கில் ஏறவில்லை. அங்கே இருக்கிற வங்கி அதை நிறுத்திவைத்துவிட்டது. அப்பா அனுப்பியது என்கிறாய், உன் குடும்பப் பெயரும் அவர் குடும்பப் பெயரும் வேறாக இருக்கிறதே, இவர் யார் என்று கேட்டார்கள். அவள் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தாள். மாநகராட்சி எழுதிக்கொடுத்த அதில் இவர் பெயர் வேறு எழுத்துகளில், வேறு வரிசையில் இருந்தது. சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

ஆறாவது நாள் மகள் கூப்பிட்டாள். "அப்பா, அங்கிள் சொல்றாரு, வண்டிய நீ எடுத்துட்டுப் போ, பைசா வரும்போது குடு. வேற ஒருத்தர் கேஷ் எடுத்துட்டு வந்தாங்களாம். குடுக்கலையாம். எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார் இவர்.

"அப்பா, அவரேதான் சொல்றாரு."

"பணம் போய்ச் சேராம வண்டியைத் தொடக் கூடாது."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்க ரோஷம் பெரிசா, அவ நனையறது பெரிசா?" என்று கேட்டேன். அவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். இரண்டு நாள் வீட்டில் சாப்பாடு, தண்ணீர், சாவி என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. அன்றன்று அங்கே மழை பெய்கிறதா என்று போனில் பார்ப்பேன். பெய்கிறது என்று இருக்கும். போனை அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டு எழுந்து போவேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

மூன்றாம் நாள் காலை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே ஆரம்பித்தார். "பணம் குடுக்காம எடுத்துட்டுப் போயி, வழியில ஒரு கீறல் விழுந்துடுதுன்னு வெச்சுக்க. அந்தப் பெரியவர் என்ன சொல்வாரு?"

"என்ன சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த வண்டியைப் பத்திப் பேசும்போது அவர் முகத்தைப் பாத்தேன். அதான் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வடிந்துபோயிற்று. "அப்ப அந்த பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதுவோம். நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல போடறேன்" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொண்டேன். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் கணினியில் அதை ஆங்கிலத்தில் அடித்தேன். அதிகம் மாற்றவில்லை. 'எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயருக்குப் பின்னால் நிற்பவர் என் தந்தை. என் மகளின் பெயருக்குப் பின்னால் நிற்பவன் நான். நாங்கள் மூவரும் ஒரே குடும்பம். இந்தப் பணம் என் சம்பளத்தில் சேர்த்தது. அவள் வேலைக்கு நடந்து போகிறாள், உங்கள் ஊரில் மழை அதிகம். தயவுசெய்து பார்க்கவும்.'

இரண்டாவது வரியை அடித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் திரை தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி, "காய் ஜாலா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

அன்று சாயங்காலமே கேம்ப்புக்குப் போய் அந்த அதிகாரியிடம் காட்டினோம். அவள் நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். அவள் செய்யவேண்டிய வேலை அது இல்லை. இருந்தும் உள்ளே போய் மேலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தாள். "காகா, ஆதா ஹோயில்" என்றாள். இனி ஆகிவிடும் என்று. அங்கிருந்தே மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினோம்.

பணம் இரண்டு நாளில் அவள் கணக்கில் ஏறியது. அன்றைக்கே பெரியவருக்கு அனுப்பிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். வண்டியில் உட்கார்ந்தபடியே எங்களைக் கூப்பிட்டாள்.

"பேங்க்ல ஒரு லேடி லெட்டரைப் படிச்சாங்க. உங்க பேரை எப்படிச் சொல்லணும்னு கேட்டு, மூணு தடவை சொல்லிப் பாத்தாங்க அப்பா. கரெக்டா வந்துடுச்சு."

"சரி."

"இங்க எல்லாரும் என்னை உங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க, தெரியுமா? ரோஸ்டர்ல அதான், பேட்ஜ்ல அதான். முதல்ல எனக்கு ஹஸி, சிரிப்பு வந்தது. யாரோ அப்பாவைக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப உடனே திரும்பிடறேன்."

இவர் போனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "டயர்ல காத்து இருக்கான்னு பாரு" என்றார். அவள் பார்க்கிறேன் என்றாள்.

அடுத்த வருஷம் எங்களை அங்கே வரச் சொல்லியிருக்கிறாள். பெரியவர் எங்களுக்கு டீ கொடுக்கவேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறாராம். "இங்கயும் ரைட் சைட் ஸ்டியரிங்தான். அப்பா, வந்தா நீங்க ஓட்டுங்க" என்று ஒரு நாள் சொன்னாள். சும்மா சொன்னாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "பிம்ப்ரி வரைக்கும்" என்றார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார். வயது ஐம்பத்தாறு. கற்றுக்கொடுக்கிறவன் மராத்தியில் கத்துகிறானாம், கிளட்சை மெதுவாக விடு, மெதுவாக விடு என்று. இவர் கோபித்துக்கொள்வதில்லை. முதல் தேர்வில் தேறவில்லை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கோட்டைத் தொட்டுவிட்டார். மகளிடம் சொல்லவேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன். சென்ற மாதம் இரண்டாவது முறை போய் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதில் அவருடைய அப்பா பெயரை ஓர் எழுத்து தப்பாகப் போட்டிருக்கிறார்கள். திருத்தக் கொடுத்திருக்கிறோம்.