முள்முருக்கு வேலியில் ஒரு புழு

வேலி முள்முருக்கில் அந்தப் புழுவைக் கண்ட நாளிலிருந்து பக்கத்துக் காணிக்காரரில் எனக்கு ஒரு கண் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மிளகாய் வைத்திருந்தார். மிளகாய்க்கு மருந்தடிக்கிற மனுசன், விரல் மொத்தத்தில் ஒரு மஞ்சள் புழுவைக் கண்டால் கும்பிட்டுவிட்டா போவார்?

புளியங்கூடலில் எங்கள் காணியைச் சுற்றி அந்துப்பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் படம் எடுப்பது என் பைத்தியம். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது என்று பார்த்தால்தான் அதன் பெயரைக் கண்டுபிடிக்கலாம். முதுகில் மண்டையோடு கீறியதுபோல் ஒரு பெரிய அந்துப்பூச்சி இருக்கிறது. இது அதன் புழு. ஆனால் அதிலும் இரண்டு வகை. இணையத்தில் பூச்சி பார்க்கிறவர்களின் குழுவில் படத்தைப் போட்டேன். பூச்சி வெளியே வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம், அதுவரை அளவும் செடியும் தெரியப் படம் போடுங்கள் என்றார்கள். இத்தனை வருசத்தில் அந்தப் பூச்சியை நான் நேரில் கண்டதேயில்லை. இந்த முறை விடுவதில்லை என்று நின்றேன்.

காலையில் அளவு காட்ட அடிமட்டத்தைப் புழுவுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம். பிறகு தள்ளி நின்று, வேலிக்கு நட்டுத் தளிர்த்த கதியால்கள் எல்லாம் தெரிய இன்னொன்று. ஒரு நாள் மிளகாய்க்குள்ளிருந்து அவர் தலை நிமிர்ந்தது.

"என்னக்கா அளக்கிறியள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. சும்மா."

"சும்மாவோ? உந்தப் படங்களை ஆருக்கு அனுப்பிறியள்?"

"தெரிஞ்ச ஆக்களுக்கு."

"வெளிநாட்டிலயோ?"

"ஓம், அங்கையும் இருக்கினம்."

அவர் முகம் கறுத்துவிட்டது. புழுவை மோப்பம் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மருந்துத் தாங்கியோடு வந்து நிற்பாரே, சொல்லுவேனோ!

அடுத்த நாள் அவர் மனைவி கொழுக்கட்டை கொண்டுவந்தார். சும்மா கொழுக்கட்டை வருகிற வீடல்ல அது. குசினிவரை வந்து கதிரையில் இருந்தவர், கனடாவிலிருக்கும் என் அண்ணன் இந்த வருசம் வருகிறாரா என்று இரண்டு தரம் கேட்டார். புழுவுக்கும் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்? என்னைக் கதையில் பிடித்து வைத்துக்கொண்டு அங்கே புருசன் மருந்தடிக்கிறாரோ என்று வேலிக்கு ஓடினேன். புழு பத்திரமாக இலை தின்றுகொண்டிருந்தது.

சில நாளில் புழு நிறம் மங்கி இறங்கி, ஒரு கதியாலின் அடியில் மண்ணுக்குள் போனது. இந்த இனம் மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். எடுத்துப் பெட்டியில் வளர்க்கப் பயம், முன்பு ஒன்று அப்படிச் செத்திருக்கிறது. இடம் மறக்காமலிருக்க ஒரு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். பூச்சி வர இனி இரண்டு மூன்று கிழமைதான் என்று சந்தோசமாக இருந்தேன்.

ஒரு விடியற்காலை மண் கிண்டும் அலவாங்கின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வேலியைக் காணவில்லை. கதியால்களையெல்லாம் பிடுங்கி, தன் மிளகாய்க்குள் ஒரு முழம் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். என் சிவப்புத் துணி மண்ணோடு கிடந்தது.

"நீர் என்ன வேலை பார்க்கிறீர்?" என்று கத்தினேன்.

"அக்கா, பிழைதான். போன மாரிக்கு வேலி அடைக்கேக்க உங்கட பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டனான். நீங்கள் அளந்து, படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பி, அடையாளத் தடியும் நட்டிட்டியள். இனிச் சேர்வேயர் வந்தால் எனக்குத்தானே வெட்கம். அண்ணைக்கு ஒண்டும் எழுதாதேங்கோ."

எனக்கு அந்த ஒரு முழம் போனதே தெரியாது. கிண்டிய மண்ணைக் கையால் கிளறினேன். மண்ணிறக் கூட்டுப்புழு அலவாங்கில் அகப்பட்டு இரண்டாகிக் கிடந்தது. கோபமோ துக்கமோ, அடக்க ஏலாமல் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

அவர் அலவாங்கைப் போட்டுவிட்டுக் கிட்ட வந்து குந்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அழாதேங்கோ அக்கா. கிணத்தடிப் பக்கமும் ஒரு அரை முழம் இருக்கு. நாளைக்கு அதையும் தள்ளிவிடுறன்."