என் வீட்டுக்காரரின் பதக்கமும் என் வயிற்றெரிச்சலும்

என் பேர் ரோஸ்லின். ஆவடி சேக்காட்டில் இருக்கிறேன். கண்ணீரோடு செய்த ஜெபத்தைப் பற்றிச் சாட்சி சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் வயிற்றெரிச்சலோடு செய்த ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஆண்டவர் அதையும் கேட்டார். அவர் கேட்ட விதத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன் சிப்பாயாகச் சேர்ந்து, கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவர். வடக்கே மலை எல்லையில் நடந்த சண்டையில் அவர் வலது தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அந்தக் கை இன்றைக்கும் நெஞ்சுக்கு மேலே எழும்பாது. இத்தனை வருஷமாக அவருக்குப் பனியன் மாட்டிவிடுவது நான்தான். சண்டையில் காயம் பட்டவர்களுக்கென்று ஒரு பதக்கம் உண்டு. ஒரு பெரிய அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து அதை அவர் சட்டையில் குத்திவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நகர் நலச்சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். எங்கள் நகரில் பட்டாளத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் பெயரையும் பதக்கங்களையும் ஒரு கிரானைட் கல்லில் வெட்டி, பூங்கா வாசலில் வைத்து, ஆகஸ்ட் பதினைந்து அன்று திறக்க வேண்டும் என்று முடிவு. எல்லாரும் சர்வீஸ் புத்தகத்தின் நகலைக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துச் சங்கச் செயலாளர் முனிரத்தினம் வாசலில் வந்து நின்றார். சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர், நல்லவர்தான்.

“கேப்டன் சார், அந்தக் காயம் பட்ட மெடலு புக்ல இல்லியே. புக்ல இன்னா கீதோ அதான் கல்லுல வரும்னு கமிட்டில சொல்ட்டாங்க. நான் இன்னா பண்றது சார்.”

புத்தகத்தை நானும் புரட்டிப் பார்த்தேன். இல்லை. பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் இவர் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

கல் திறந்த அன்று இவர் பெயருக்குப் பக்கத்தில் மற்ற பதக்கங்களுக்கு அப்புறம் வெறும் கல்தான் இருந்தது. இவரோ எப்போதும் போல எல்லாப் பதக்கத்தையும் குத்திக்கொண்டு போயிருந்தார். கூட்டத்தில் யாரோ, கல்லில் இல்லாத அந்த ஒன்று கடையில் வாங்கினதாக இருக்கும் என்று சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வந்தவர் பதக்கங்களைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். அதோடு வாக்கிங் நின்றது. சபைக்கு வருவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ஆட்டோ பிடித்து வருவேன். சார் எங்கே என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் முழங்கால் வலி என்று பொய் சொன்னேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீடு சுபேதார் தணிகாசலம் அண்ணன் வீடு. இவரும் அவரும் ஒரே பட்டாலியன், ஒன்றாகவே மனை வாங்கி வீடு கட்டினோம். அவர் அங்கே கிளார்க்காக இருந்தவர். கல்லில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஏழு பதக்கம். ஒன்று விடாமல் ஏழு. டைப்ரைட்டர் தட்டினவர் வரி நிறைய மின்னுகிறது, தோளில் இரும்பு வாங்கினவர் வரியில் அந்தக் காயத்துக்கான இடம் காலியாகக் கிடக்கிறது. என்னால் பொறுக்க முடியவில்லை. பால் வாங்கப் போகும்போது அந்தக் கல்லைப் பார்க்கக் கூடாதென்றே ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடப்பேன். அவர் மனைவி குணா அக்கா புதுப் புடவை கட்டினால் எரிச்சல், சிரித்தால் எரிச்சல். அவர்கள் வீட்டு முருங்கை காய்த்தால்கூட எரிச்சல்.

பட்டாளத்தில் லீவு, கல்யாணம், காயம், பதக்கம் எதுவானாலும் அதை ஒரு தாளில் டைப் அடித்து நம்பர் போட வேண்டும். அதற்கு ஆர்டர் என்று பேர். அந்த ஆர்டர் இல்லாவிட்டால் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பட்டாளத்தின் பதிவு அலுவலகத்துக்கு மூன்று தடவை எழுதினோம். ஆர்டர் நம்பரைக் குறிப்பிடவும் என்று மூன்று தடவையும் ஒரே வரிப் பதில் வந்தது. இவர் தணிகாசலம் அண்ணனிடமே போய்க் கேட்டார். எத்தனையோ அடித்தேன் சார், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். இவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “விடு ரோஸ், நான் செத்தப்புறம் யார் கேக்கப் போறாங்க” என்றார். நான் சமையல் கட்டுக்குள் போய் அழுதேன்.

தினமும் காலை ஐந்து மணிக்கு முழங்கால் போட்டேன். இவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பதக்கம் ஏட்டில் ஏற வேண்டும் என்று கேட்டேன். அதோடு விட்டேனா? ஆண்டவரே, இவருக்குக் கொடும், இல்லையென்றால் அந்த மனுஷருக்கு இருப்பதையும் எடுத்துவிடும் என்றும் கேட்டேன். ஆறு மாசம் இப்படித்தான் ஜெபித்தேன். சபையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடினவளும் நான்தான்.

ஒருநாள் பால் பூத்தில் பேச்சு வந்தது. ஏழு பதக்கம் வாங்குவது என்ன பெரிய காரியம், கடையில் கேட்டால் தட்டோடு எடுத்துக் கொடுப்பான் என்று சொல்லிவிட்டேன். யாரை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் நகரில் ஏழு பதக்கம் ஒருவருக்குத்தான் உண்டு.

இரண்டு வாரம் கழித்து குணா அக்கா என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“யாரோ எங்க வீட்டுக்காரரு மெடலெல்லாம் கடையில வாங்குனதுன்னு பேசிக்கினு கீறாங்களாம் ரோஸ்லின். எல்லாத்தியும் கழட்டி பீரோவுல வச்சிப் பூட்டிட்டாரு. நாலு நாளா சரியா சாப்பிடல. நீ ஜெபம் பண்றவ, அவருக்காகக் கொஞ்சம் பண்ணும்மா.”

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு இனித்தது. அவர் போன பிறகுதான் உறைத்தது. கழற்றி, பீரோவில் வைத்து, பூட்டி. என் வீட்டில் நடந்தது அப்படியே பக்கத்து வீட்டில் நடந்திருக்கிறது. என் ஜெபத்தின் பின்பாதி நிறைவேறிவிட்டது. ஆண்டவர் எடுக்கவில்லை. நான் எடுத்திருக்கிறேன், என் நாக்கால்.

அன்றைக்கு முழங்காலில் நின்றபோது பதக்கம் என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. எனக்குப் பொறாமை ஆண்டவரே, அந்த வீட்டைப் பார்த்தாலே பற்றி எரிகிறது, இதை எடும் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்தால் கால் தானாகவா பக்கத்து வீட்டுக்குப் போகும்? மூன்று நாள் இழுத்தடித்தேன். நான்காம் நாள் போனேன்.

தணிகாசலம் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குணா அக்கா காபி கொண்டுவந்தார். டம்ளரை வாங்கவில்லை. பால் பூத்தில் அப்படிச் சொன்னது நான்தான் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் வரியில் அந்த இடம் காலியாக இருக்கிற வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டேன், நாளைக்கு அதே பூத்தில் நின்று அது பொய் என்று சொல்கிறேன் என்றேன். குணா அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போ வெளியே என்று அண்ணன் சொல்வார் என்றுதான் நின்றிருந்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு பழைய நோட்டு இருந்தது.

தான் அடிக்கிற ஒவ்வொரு ஆர்டரின் நம்பரையும் சொந்தமாக ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது அவர் பழக்கமாம். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் தப்பிக்க. ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். ஜெயசீலன் என்ற பெயர், பக்கத்தில் ஒரு நம்பர், அதற்கும் பக்கத்தில் ‘திரும்பி வந்தது’ என்று இருந்தது. ஆர்டர் போவதற்குள் இவரை ஆஸ்பத்திரிக் கணக்குக்கு மாற்றியிருந்தார்களாம். அதனால் தாள் திரும்பி வந்திருக்கிறது. அந்த இடத்துக்குச் சரியாக எழுதி மறுபடி அனுப்ப வேண்டியது கிளார்க்கின் வேலை.

“நான் அனுப்பலமா. என்னோட ஏழும் அங்க இருந்ததுக்குக் குடுத்தது. ஒரு நாளாவது மலை ஏறிக் கீறனா நானு? அவரோட அந்த ஒண்ணு ரத்தம் குடுத்து வாங்கினது. அந்தத் தாளப் பாக்கப் பாக்க எரியும். அப்புறம் அனுப்பலாம்னு டிராயர்ல போட்டேன், அப்படியே உட்டுட்டேன். அன்னிக்கி சார் வந்து கேட்டப்பகூட ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னேன்.”

எனக்கு வந்த கோபத்தை ஆண்டவர்தான் அறிவார். ஒன்றரை வருஷமாக ஒரு மனுஷர் அறைக்குள்ளேயே கிடக்கிறார், நம்பர் பக்கத்து வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு திட்டுவது? அவர் டிராயரில் போட்டார், நான் பால் பூத்தில் போட்டேன். இரண்டும் ஒரே எரிச்சல்தான். குணா அக்கா ஆறிப்போன காபியை மறுபடி என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை வாங்கிக் குடித்தேன்.

அன்றைக்கே அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இவர் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் அண்ணன் தன் தவற்றை நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தார். நோட்டின் நகலோடு பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினோம். நான் பால் பூத்துக்குப் போய்ச் சொன்ன பொய்யைப் பொய் என்று சொன்னேன். நாலு மாசம் கழித்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. பதக்கம் பதிவில் சேர்க்கப்பட்டது என்று இருந்தது. அந்தத் தாளை இவர் மூன்று தடவை படித்துவிட்டு, மடித்து, வேத புத்தகத்துக்குள் வைத்தார். அந்த ஞாயிறு என்னோடு சபைக்கு வந்தார். முழங்கால் சரியாகிவிட்டதா என்று நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள்.

முனிரத்தினம் கல் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தார். இரண்டு வருஷமாக எந்தக் காலி இடத்தைப் பார்க்க முடியாமல் எதிர்ப்பக்கம் நடந்தேனோ, அதே இடத்தில் பதக்கத்தின் பெயர் சரியாகப் பொருந்தியது.

இந்த ஆகஸ்ட் பதினைந்து அன்று இவர் மறுபடி பதக்கங்களைக் குத்திக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றார். தணிகாசலம் அண்ணனும் தன் ஏழு பதக்கத்தையும் குத்திக்கொண்டு வந்திருந்தார். எல்லார் முன்னாலும் இவருக்கு எதிரே வந்து, காலைச் சேர்த்து, சல்யூட் அடித்தார். இவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார். கை நெஞ்சோடு நின்றுவிட்டது. அண்ணன் தன் கையை இறக்கவே இல்லை. நான் கிட்டப் போய், தினமும் பனியன் மாட்டும்போது பிடிப்பதுபோல இவர் முழங்கைக்குக் கீழே பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். விரல் நெற்றியைத் தொட்டது. அப்புறம்தான் அண்ணன் கையை இறக்கினார்.

இதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு பேரிடமும் உத்தரவு வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். குணா அக்கா அதோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவர்கள் வீட்டு முருங்கை இந்த வருஷமும் எங்கள் மரத்தைவிட அதிகமாகத்தான் காய்த்திருக்கிறது. ஆனால் இப்போது எரிந்தால் உடனே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்திருக்கிறவர்கள், ஜெபத்தில் யார் பெயர் வரும்போது உங்கள் பல் கடிபடுகிறது என்று பாருங்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள், நம்பிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எனக்கு வந்த பதில் இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது.