மலைப்பக்கம், கடல்பக்கம்

"உன்ரை கண்ணாடி சோபாவின்ரை கடல்பக்க மூலையிலை கிடக்கு, மாக்கிரட்!" என்று குசினியில் நிற்கும் மனைவிக்குக் கேட்கக் கத்துகிறார் ஞானேந்திரன். அந்த வீட்டில் இடம், வலம் கிடையாது. அடுப்பின் மலைப்பக்கம் கொதிப்பது சோறு, கடல்பக்கம் மீன்குழம்பு. மாதா கோயிலிலும் மனிதர் கடல்பக்க வாங்கில்தான் இருப்பார்.

இது யப்பானில் ஒட்டிய பழக்கம். கப்பலில் எண்ணெய் துடைத்த வாலிபத்தில், இயந்திரம் பழுதாகிக் கோபே நகரில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினார். துறைமுகத்தை ஒட்டிய நடுவட்டாரத்துக்குச் சூவோ என்று பெயர்.

"மேலை மலை, கீழை கடல், இடையிலை ஒரு பாய் விரிச்ச அளவுதான் ஊர், ரீச்சர். அங்கை தொலையிறதெண்டால் கெட்டித்தனம் வேணும்" என்று, அடுத்த வீட்டில் இருக்கும், முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எனக்குச் சொல்வார்.

பெரிய கடைகளிலேயே மலைப்பக்கம், கடல்பக்கம் என்று எழுதியிருக்குமாம். சரிவில் பழைய வெள்ளைக்கார வியாபாரிகளின் வீடுகள். துறைமுகத்துக்கு இடம் போதாமல், மலையை வெட்டிக் கடலில் கொட்டி ஒரு தீவையே செய்தார்கள். தொண்ணூற்றைந்தில் பூகம்பம் வந்து அந்த வட்டாரம் இடிந்தபோது, சொந்த வீடு விழுந்தவர்போலத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாராம். இதுவரை உண்மை. மேல் தெருவில் உருட்டிவிட்ட தோடம்பழம் ரயில் நிலையத்தைக் கடந்து கப்பலுக்குள் விழுந்தது என்பது அவர் சேர்த்தது. கப்பித்தான் அதை உரித்துத் தின்றார் என்பது நான் சேர்த்தது.

கனடாவுக்கு வந்து, மொன்றியலில் முதலில் நகரத்தின் நடுப்பக்கம் இருந்தார்கள். பின்னால் மலை, முன்னால் சரிவு, சரிவின் அடியில் ஆறு. அச்சாகக் கோபேதான், ஆற்றைக் கடல் என்று சொன்னது மட்டுமே பொய். போன கோடையில் மலையின் மறுபக்கம், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் மாடிக் கட்டிடத்துக்கு வந்தார்கள். இங்கே சரிவில் இறங்கினால் ஆறு வராது. ஆறு மலைக்கு அப்பால். ஞானேந்திரனின் கால்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இறங்குவதெல்லாம் அவருக்குக் கடல்பக்கம்.

கார்த்திகையில் ஒரு பின்னேரம், மாக்கிரட் முதல் தடவையாகத் தனியே கண் டொக்டரிடம் போனாள். மருந்து விட்ட கண்ணில் தெருப்பெயர்கள் கலங்க, பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போன் எடுத்தாள். "கடல்பக்கமா நட, வீடு வரும்" என்றார் இவர். அதோடு அவளுடைய போன் அணைந்துவிட்டது. பனி கொட்டத் தொடங்கியது. அவளுக்காக ஊற்றிய தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது. மனிதர் தொப்பியும் இல்லாமல் என் கதவைத் தட்டினார்.

"மாக்கிரட் இன்னும் வரேல்லை, ரீச்சர். வழி சொன்னனான்."

"என்ன வழி சொன்னனீர்?"

சொன்னார். சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. மொன்றியல் துறைமுகத்தில் அவர் வேலை செய்த காலமெல்லாம் வாசலுக்குச் சோறு கொண்டுபோனவள் மாக்கிரட். அவர் கடல் என்று சொல்லும் ஆறு எந்தப் பக்கம் என்று அவளுக்கு நல்லாகத் தெரியும்.

"ஐயோ, அவள் உண்மையான கடலுக்கெல்லோ நடந்திருப்பாள்!"

மலைப்பக்கம் ஏறினோம். முதல் சந்தியில், தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். அடுத்ததில் ஒரு பெட்டி. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் புனிதருக்கு ஒரு மெழுகுதிரித் தொழிற்சாலையே கிடைத்திருக்கும். அதற்குள், கல்லறைகள் நிறைந்த சேமக்காலையின் வாசலுக்கு எதிரே, பஸ் தரிப்பின் கண்ணாடிக் கூட்டுக்குள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள் மாக்கிரட்.

"கடலைக் காணேல்லை. சேமக்காலைதான் வந்தது. என்ன, என்னை நேரத்தோடை அனுப்பி வைக்கப் பாத்தனீங்களோ?"

ஞானேந்திரன் அவளுடைய தோளில் கிடந்த பனியைத் தட்டினார்; தட்டி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே நின்றார். "காணும், கோட்டு தேயப்போகுது" என்று அவள் எழும்பினாள்.

மூவரும் இறங்கினோம். சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. "இனி..." என்று பழக்கத்தில் வழிகாட்டக் கையை நீட்டினார் ஞானேந்திரன். மாக்கிரட் அந்தக் கையை எட்டிப் பிடித்து, தன் கோட்டுப் பைக்குள் விட்டு, உள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.